ஆஸியா மதினியின் சின்னக் கபுறு

தாராவியில் எங்கள் சந்துக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு கைடு வருவான். தோல் பட்டறைகளைச் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. எங்கள் பட்டறை வாசலில் நின்று, இது எந்த மிருகத்தின் தோல் என்று ஆஸியா மதினியிடம் இந்தியில் கேட்பான். முதல் தடவை மதினி எருமை என்று உள்ளதைச் சொன்னாள். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த தடவை ஒட்டகம் என்றாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எருமைக்கு எங்கள் பட்டறையில் இடமே இல்லாமல் போயிற்று. நீர்யானை வந்தது, கரடி வந்தது. ஒரு வெள்ளை பெல்ட்டைக் காட்டி, இது வரிக்குதிரை, துவைத்ததில் வரி போய்விட்டது என்றாள். கைடு கடைசியில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, "மேடம் சொல்வார்" என்று ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டான்.

ஆஸியா மதினி என் கணவருடைய அண்ணன் மனைவி. பெல்ட்டும் பர்ஸும் செய்கிற பட்டறை அண்ணன் ஜெயினுலாப்தீனுடையது. அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர்கள் கீழே, நாங்கள் இரும்பு ஏணி ஏறி மேலே. பட்டறையில் ஆண்கள் தோலை வெட்டுவார்கள், தைப்பார்கள். வெட்டிய ஓரத்தை மெழுகு தேய்த்து, சாயம் பூசி, கையில் உறுத்தாமல் வழவழவென்று ஆக்குவது மதினி வேலை. கை ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், வாய் யாரையாவது ஓட்டிக்கொண்டிருக்கும்.

மச்சான் இதற்கு நேர் எதிர். அதிர்ந்து பேச மாட்டார், பொய் சொல்லத் தெரியாது. மார்க்க விஷயத்தில் அப்படி ஒரு கறார். வெட்டிய நகத்தைக்கூடக் குப்பையில் போட மாட்டார். உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்பார். தாராவியில் மண் எங்கே இருக்கிறது? எல்லாம் சிமெண்டு. அதனால் வாசலில் இருந்த கற்றாழைத் தொட்டியில் குழி தோண்டிப் புதைப்பார்.

"அந்தக் கத்தாழைக்கு ஒரு நாள் நகம் முளைக்கும், பாருங்க" என்பாள் மதினி. "அப்ப அதுக்கும் நீங்கதான் வெட்டி விடணும்."

மதினிக்குச் சிறுநீரில் ரத்தம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று வீட்டில் பீட்ரூட் வந்தது. பொரியல், கூட்டு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என்று எல்லாம் பீட்ரூட். அடுத்த வாரமும் அதுவே. யாராவது பார்த்துக் கேட்டால் பீட்ரூட் தின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அதற்குத்தான். ஆனால் அவளுக்குப் பீட்ரூட் பிடிக்காது. சட்டியிலிருந்து தன் தட்டுக்கு அவள் எடுத்து வைப்பதே இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்ரூம் தரையில் ஒரு நாள் சிவப்பைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பீட்ரூட்டுளா" என்றாள்.

"நீங்க திங்கலியே மதினி" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாய் பேசாதவளுக்குக் கண்ணு எதுக்கு இம்மாம் பெருசா வச்சான் அல்லா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வலது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்தார்கள். தியேட்டர் வாசலில் மச்சான் அங்கிருந்த ஆளிடம், எடுத்ததைக் கொடுத்தால் அடக்கம் செய்துவிடுவேன் என்று கேட்டார். அந்த ஆள் பதறிப்போய் உள்ளே ஓடினான். வெளியே வந்து, அது சோதனைச்சாலைக்குப் போகும், மிச்சத்தை விதிப்படி எரித்துவிடுவார்கள் என்றான். எரிப்பார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று. மதினிக்கு மயக்கம் தெளிந்தது பெரிய சந்தோஷம்தான். அதற்கு நடுவிலும் அவருக்கு அந்த ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து சோதனைச்சாலையிலிருந்து போன் வந்தது. ஸ்லைடுகளும் பிளாக்கும் இருக்கின்றன, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மச்சான் தனியாகப் போய் வந்தார். "பத்திரமா வச்சாச்சு" என்றார். அந்த வாரம்தான் ஏணிக்குக் கீழே நின்று, "சஃபீனா, புதுசா வெள்ளைத் துணி இருக்கா? கைக்குட்டை அளவு போதும்" என்று என்னிடம் கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு மழைக்காலம் போயிற்று. மதினி மறுபடி ஓரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அப்போது எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கே போனாலும் மதினி என்னையும் கூட்டிப் போவாள். "நீ பேச மாட்டே. அதனால உனக்குக் காது நல்லா கேக்கும். டாக்டர் சொல்லுறதை அப்படியே மனசுல வச்சுக்கோ. உன் மச்சான் அழுவாஹ, நான் கேலி பண்ணிக்கிட்டு இருப்பேன், ரெண்டு பேரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம்."

டாக்டர் பெயர் ஸ்ரீலேகா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடச் சின்ன வயது. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி நிதானமாகப் பேசினார்.

"ஆன்ட்டி, நம்ம உடம்புல நோயை எதிர்க்கற செல் இருக்கு. காவல்காரா மாதிரி. உங்க கட்டிக்குள்ள அது எத்தனை போயிருக்கு, எந்த வகை போயிருக்கு, கட்டி மேல என்ன மார்க்கர் இருக்குன்னு பார்க்கணும். ஒரு ஆராய்ச்சி நடக்கறது. அந்தக் காவல் செல்லை எழுப்பி விடற மருந்து. சேர்ந்தா மருந்து அவாளே தருவா. ஆனா அதுல சேரணும்னா இந்த டெஸ்ட் வேணும். ஆபரேஷன்ல எடுத்த பிளாக் இருக்கோல்லியோ? அதைக் கொண்டுவாங்கோ, போதும்."

"பிளாக்குன்னா என்ன டாக்டரம்மா?"

"உங்க கட்டியோட ஒரு துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருப்பா. சோப்புத் துண்டு மாதிரி சின்னதா இருக்கும். மெல்லிசா சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்ல பார்ப்போம்."

"அட, நம்ம வேலைதான். மெழுகு, சாயம்" என்றாள் மதினி. "அது இல்லேன்னா?"

"இந்தப் புள்ளில ஊசி போட்டு எடுக்கணும். ரொம்பச் சின்னது, அதுவும் ஹார்ட்டுக்குப் பக்கத்துல. நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். வேற மாத்திரை இருக்கு, ஆனா உங்க பிரஷருக்கும் மிச்சம் இருக்கற ஒத்தைக் கிட்னிக்கும் அது ஒத்துக்குமான்னு பயமா இருக்கு. எனக்கு இந்த ஆராய்ச்சிதான் நல்லதுன்னு தோணறது. வர்ற வாரத்தோட ஆள் சேர்க்கறதை நிறுத்திடுவா."

"அதெல்லாம் இவுஹ பத்திரமா வச்சிருக்காஹ" என்று மதினி மச்சான் பக்கம் கையைக் காட்டினாள்.

மச்சான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். வெளியில் எந்த இடத்திலும் அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தோம். பீரோவைக் கவிழ்த்தோம், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை இழுத்தோம். ஸ்லைடுகள் உடனே கிடைத்தன, பிளாக் கிடைக்கவில்லை. எல்லோரையும்விட மச்சான்தான் மும்முரமாகத் தேடினார். ஆனால் அவர் தேடிய இடங்கள் ஒரு மாதிரி இருந்தன. அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார். மிக்ஸி ஜாரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "இங்கயும் இல்ல" என்றார். இல்லை என்று நன்றாகத் தெரிந்த இடங்களாகப் பார்த்துப் பார்த்து ஒரு மனிதர் தேடுவதை நான் அன்றுதான் கண்டேன்.

சாயங்காலம் அடுப்படியில் மதினி பக்கத்தில் போய் நின்று, "மதினி, மச்சான் என்கிட்ட முன்ன வெள்ளைத் துணி கேட்டாஹ. கைக்குட்டை அளவு" என்றேன்.

அவள் கரண்டியை வைத்தாள். வெள்ளைத் துணி. நகம். கற்றாழைத் தொட்டி. எல்லாம் அவள் கண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அந்தத் துண்டு போனா என் கதை முடிஞ்சுரும்லா சஃபீனா" என்றாள். அந்த ஒரு தடவைதான் அவள் பயந்து நான் பார்த்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டதும் பழையபடி ஆகிவிட்டாள்.

"இப்பப் போய் கேட்டா பயந்து போயிருவாஹ. நாளைக் காலைல தானா சொல்லுவாஹ. நீ வேடிக்கை மட்டும் பாரு."

காலையில் மச்சான் சாயாவில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். மதினி வலது விலாவைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் ஒரே ஈரமா இருக்குங்க."

"ஈரமா?"

"ஆமா. தண்ணி ஈரம் இல்ல. மண்ணு ஈரம்."

ரொட்டி ஒடிந்து சாயாவுக்குள் விழுந்தது. மச்சான் அதை எடுக்கவில்லை.

"எறும்பு வேற ஊருது" என்றாள் மதினி.

"கடிக்குதா?"

"கடிக்கல. சும்மா போவுது, வருது. யாரோ பக்கத்துல நின்னு பாத்திஹா ஓதுற மாதிரியும் இருக்கு."

"நான்தான் ஓதினேன்" என்று சொல்லி மச்சான் அழுதுவிட்டார்.

பிறகு எல்லாம் கொட்டினார். இது உங்கள் மனைவியின் சதை என்று சொல்லித்தான் சோதனைச்சாலையில் கொடுத்திருக்கிறார்கள். எரிக்காமல் இந்தத் துண்டாவது திரும்பக் கிடைத்ததே, இதையாவது முறையாக மண்ணில் சேர்த்துவிடுவோம் என்று கபரஸ்தானுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அடக்கம் என்றால் மையத்து எங்கே என்று காவல்காரர் கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னிய?"

"வீட்டுல இருக்கான்னு சொன்னேன்."

"வீட்டுல மீன் ஆக்கிக்கிட்டு இருக்கான்னு சேத்துச் சொல்லியிருக்கலாம்லா."

யாருக்கோ செய்வினை வைக்க வந்திருக்கிறான் என்று காவல்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாராம். பையைத் திறந்து, மெழுகைக் காட்டி, ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் காட்டி, கெஞ்சிய பிறகுதான் மதில் ஓரமாக ஒரு முழம் இடம் கொடுத்திருக்கிறார்.

"அடக்குனதை மறுபடி தோண்டலாமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார் மச்சான்.

"கேளுங்க. மம்பட்டியைக் கையில எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க."

உயிரைக் காப்பாற்றத்தானே, தாராளமாக எடுங்கள் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே கிளம்பினோம். மதினியும் வருவேன் என்று நின்றாள். பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று காவல்காரர் வாசலிலேயே கையை நீட்டினார்.

"பாய், நான் அடுத்தவங்க கபுறுக்கா போறேன்? அது என் சொந்தக் கபுறு" என்று இந்தியில் வாதாடினாள் மதினி. "சொந்தக் கபுறுக்குப் போக யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?"

காவல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மையத்து வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். கம்பிக்கு நடுவே எல்லாம் தெரிந்தது.

மச்சானுக்கு இடம் மறந்துபோயிருந்தது. மழையில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மதில் பக்கமாகக் குனிந்து குனிந்து போனார். மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க. என் விலா இன்னும் காயுது. அங்கன ஈரம் வரல."

"சத்தம் போடாதே ஆஸியா" என்று மச்சான் கையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜனாஸா வந்தது. தோல் மண்டிக்காரர் ஒருவர் மௌத்தாகி, அடக்கம் செய்யத் தூக்கி வந்தார்கள். கூட்டத்தில் சுடலைக்கண்ணன் அண்ணாச்சியும் இருந்தார். எங்களுக்கு நூலும் பெல்ட் பக்கிளும் கொடுக்கிற கடைக்காரர். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்தார். மதினி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மச்சான் அப்போதுதான் இடத்தைக் கண்டுபிடித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அண்ணாச்சி அவரைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விட்டு விலகி அங்கே போனார்.

"என்ன பாய், யாருக்கு?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்ன சொல்லுவார்? "ஆஸியா" என்றார்.

அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தங்கமான பொம்பள. என்னைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதா பாய்?" கட்டிப் பிடித்த பிடியில் மச்சான் வாய் அவர் தோளில் புதைந்துவிட்டது. மறுத்துச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு சின்னக் குழியில் எப்படி என்ற சந்தேகம்கூட அண்ணாச்சிக்கு வரவில்லை. அவ்வளவு துக்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மதினி முந்தானையை விலக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, ரொம்ப அழுதியளோ?"

அண்ணாச்சி கேட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, கேட் பலமானது. "மதினி, நீங்க இப்ப எந்தப் பக்கம் இருக்கிய? அதை முதல்ல சொல்லிருங்க."

மச்சான் மண்ணோடு அதைக் கொண்டுவந்து மதினி மடியில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அது ஒரு தோல் உறை. கை அகலம்தான். நான்கு பக்கமும் நுணுக்கமான இரட்டைத் தையல், ஓரமெல்லாம் மெழுகு இழைத்து, சாயம் மூன்று பூச்சு பூசி, திறக்கிற இடத்தையும் தைத்து அடைத்திருந்தது. மேலே பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்ததே தவிர, தையல் எங்கேயும் விடவில்லை. ஆட்டுக் குட்டித் தோல். பட்டறையில் அந்தத் தோலை வெளிநாட்டு ஆர்டருக்குத் தவிர எடுக்க மாட்டோம்.

மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இது யாரு தேச்சது?"

"நான்தான்" என்றார் மச்சான். "நீ தூங்குன பொறவு."

"கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு ஒரு பர்ஸ் உங்க கையால தச்சுத் தாங்கன்னு கேக்குதேன். எத்தனை வருஷம்? நேரமில்ல, நேரமில்லன்னு சொன்னிய. என்னைக் கொல்ல வந்த கட்டிக்கு மட்டும் ஆட்டுக் குட்டித் தோலு, ரெட்டைத் தையலு, மூணு பூச்சு." அண்ணாச்சியிடம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. சக்களத்திக்குச் செய்யுற மாதிரில்லா செஞ்சிருக்காஹ."

அண்ணாச்சி இன்னும் அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஸ்ரீலேகா மேஜையில் அந்த உறையை வைத்து, இது என்ன என்று கேட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மதினி விளக்கம் சொன்னாள். டாக்டர் முதலில் கண்ணாடியைக் கழற்றினார், அப்புறம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். கத்தரிக்கோலால் தையலைப் பிரிக்கப் போனவரை மதினி தடுத்தாள். "நான் பிரிக்கேன். தோலு கெட்டுரும்." உள்ளே நான் கொடுத்த வெள்ளைத் துணி. அதற்குள் சோதனைச்சாலையின் பிளாஸ்டிக் பை. அதற்குள் பிளாக். அறை முழுக்க, மையத்துக்குப் பூசுகிற அத்தர் மணந்தது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை. "ஒரு பக்கம் மெழுகு வெளுத்திருக்கு. ஈரம் போயிருக்கா, வெயில்ல உருகித்தா, தெரியலை. மண்ணுக்குள்ள இருந்த பிளாக்கை நான் பார்த்ததே இல்லை ஆன்ட்டி. லேப்ல ட்ரை பண்றேன். பிராமிஸ் பண்ண மாட்டேன்."

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. மேலாக எடுத்த சீவல் பொடிந்துவிட்டது, சாயம் பிடிக்கவில்லை. இன்னும் உள்ளே சீவிப் பார்க்கிறார்கள் என்றார் டாக்டர். மச்சான் பட்டறைக்குப் போகவில்லை. கற்றாழைத் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மதினி ஓரம் தேய்த்தாள், ஆனால் யாரையும் ஓட்டவில்லை. கைடு வந்தான். எந்த மிருகம் என்று வெள்ளைக்காரி ஒருத்தி அவளாகவே கேட்டாள். மதினி நிமிர்ந்து பார்க்காமல் "எருமை" என்று சொல்லிவிட்டாள்.

ஆள் சேர்க்கிற கடைசி நாள் எங்களை வரச் சொன்னார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். நீலமாக ஒரு படம். அதற்குள் மண்ணிறத்தில் புள்ளி புள்ளியாக, ஈ மொய்த்த மாதிரி.

"உள்பக்கம் நன்னாவே இருந்தது. இந்த பிரௌன் கலர் புள்ளி எல்லாம் உங்க காவல் செல். சி.டி. எட்டுன்னு பேரு. கட்டிக்குள்ள நிறையப் போயிருக்கு."

மதினி என் தொடையில் தட்டினாள். "பாத்தியாளா, நம்ம ஆளுவ கூட்டமா இறங்கியிருக்கானுவ."

"இருங்கோ. மத்த பல கேன்சர்ல இப்படிக் கூட்டம் இருந்தா நல்லதும்பா. கிட்னில மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. கூட்டம் ஜாஸ்தி இருந்தா நோய் இன்னும் முரடா இருக்குன்னுகூட அர்த்தம் வரலாம்."

மதினி கையை எடுத்துக்கொண்டாள். "உள்ள போன பொறவு என்னத்தைப் பண்ணுதானுவ?"

"ஒண்ணும் பண்ணலை. களைச்சுப் போய் உட்கார்ந்துண்டிருக்கா. கட்டி மேல ஒரு மார்க்கர் இருக்கு. அது இவாளைத் தொட்டுண்டே இருக்கும். தொட்டா இவா வேலையை நிறுத்திடுவா."

"போன தீபாவளிக்கு ஆர்டர் முடியலன்னு பட்டறைக்கு வெளி ஆளு கொண்டுவந்தோம். பட்டறை கொள்ளாத கூட்டம். போய்ப் பாத்தா, எவனோ டிவில கிரிக்கெட்டைப் போட்டுவிட்டுட்டான். எல்லாவனும் கத்தியைக் கையில வச்சுக்கிட்டு வாயைப் பொளந்து உக்காந்திருக்கான். அந்த மாதிரியா டாக்டரம்மா?"

"கரெக்டா அதேதான். இந்த மருந்து அந்த டிவியை ஆஃப் பண்ணும்." டாக்டர் சிரித்தார். "உங்க பிளாக்ல அந்த மார்க்கர் இருக்கு, செல்லும் இருக்கு. ஆராய்ச்சில உங்களைச் சேர்த்தாச்சு."

மச்சான் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "வேலை முடிஞ்சதும் அதைத் திருப்பித் தருவியளா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் மதினி. "மறுபடி பொதைக்கவா? டாக்டரம்மா, இவுஹ கையில மட்டும் குடுத்துராதிய. நீங்களே வச்சுக்கோங்க."

மருந்து ஏறத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கும். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு நேரம் போவதே தெரியாது. செத்துப் போன தனக்காக அண்ணாச்சி அழுத கதையை மதினி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். மூன்றாவது தடவை அண்ணாச்சி மயங்கி விழுந்தார், நான்காவது தடவை மொட்டையே அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அரிப்பு வந்தது. கை, முதுகு, காதுமடல் எல்லாம் சிவந்து தடித்தது. மச்சான் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினார். எழுப்பிவிட்ட செல்கள் சில சமயம் சொந்தத் தோலையும் போய்ச் சீண்டும், களிம்பு தருகிறேன், அதிகமானால் மருந்தை நிறுத்தி வைப்போம் என்றார் டாக்டர். எழும்பிவிட்டன என்பதை வைத்து மட்டும் சந்தோஷப்பட வேண்டாம், ஸ்கேன் வரட்டும் என்றும் சொன்னார்.

"ஆளை உசுப்பிவிட்டா முதலாளியையே அடிக்கானுவ" என்றாள் மதினி. "நம்ம பட்டறை ஆளுவளேதான்."

போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. நுரையீரல் புள்ளிகளில் ஒன்றைக் காணோம். மற்றவை சிறுத்துப் போயிருக்கின்றன. இன்னும் நிறையத் தூரம் போகணும் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மட்டும் சிரித்தது.

வெளியே நடையில் ஏகப்பட்ட கூட்டம். ஸ்ட்ரெச்சர் போகிறது, டோக்கன் கூப்பிடுகிறார்கள். மதினி நடு வழியில் நின்றாள்.

"ஏங்க, முதுகுல எட்டாத இடத்துல அரிக்குது. சொரிஞ்சு விடுங்க."

"வீட்டுக்குப் போய்."

"அவனுவ இப்ப வேலை பாக்கானுவ. வீடு போறது வரைக்கும் பொறுக்க மாட்டானுவ."

மச்சான் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். கையிலிருந்த ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சொரிந்துவிட்டார்.

"இன்னும் மேல. அங்கன இல்ல. கொஞ்சம் அமுக்கித்தான் சொரியுங்களேன், தோலுதானே."